மொட்டை மாடியில் காய்ந்த முள்கொடி

நேற்றுக் காலை நீ அனுப்பிய குரல்செய்தியை மூன்று முறை கேட்டேன், மகனே. முதல் முறை சந்தோஷமாகத்தான் கேட்டேன். உன் மனைவி நொய்க்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது, பாப்பா தம்பிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள், இந்த இரண்டாம் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும், நீங்கள் இருக்கும் வியந்தியானுக்கு டிக்கெட் எடுக்கப்போகிறாய் என்றெல்லாம் சொல்லியிருந்தாய். இரண்டாம் முறை கேட்டபோதுதான் கடைசியில் உன் மாமியாரைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே சொன்னது சரியாகக் காதில் விழுந்தது. "அத்தை உனக்கும் ஒரு கட்டு வெட்டி வெக்கப்போறாங்களாம்மா. போன தடவ நொய்கிட்ட குடுத்து வுட்டாங்க இல்ல, அந்த முள்ளுக்கொடி. மெட்ராஸ்ல அவளுக்கு அது நல்லா கேட்டுச்சுன்னு அவங்களுக்கு ஒரே பெரும. உன் முட்டிவலிக்கும் ஆகுமாம். அடுத்த வாரம் காட்டுக்குப் போறாங்க." மூன்றாம் முறை அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் கேட்டேன். பிறகு உன் அப்பா பழைய டைரியிலிருந்து கிழித்துத் தந்த தாள்களை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "விடும்மா, பழசு" என்று சொல்லிவிடுவாய். நீ அப்படிச் சொல்வதற்குள் முழுவதையும் சொல்லி முடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கொடியை நொய் ஒரு நாள்கூடக் குடிக்கவில்லை. அதைக் குப்பை வண்டியில் போட்டவள் நான்.

நீ அப்போது கொரட்டூரில் இல்லை. மின்கோபுர வேலைக்காக அந்த நாட்டு மலைப்பக்கம் போயிருந்தாய். வாரத்தில் ஒரு நாள்தான் உன் போன் கிடைக்கும். தனியாக இருக்க வேண்டாம், நல்ல ஆஸ்பத்திரி, அம்மா இருக்கிறாள் என்று சொல்லி, பாப்பா வயிற்றில் இருந்த ஆறாம் மாதத்தில் அவளை எங்களிடம் அனுப்பி வைத்தாய். நீங்கள் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டதால் அதுவரை அவளை நான் போன் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன். சக்கரம் உடைந்த ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பித் தலையைத் தாழ்த்தினாள். பக்கத்து வீட்டு சரோஜா வேடிக்கை பார்க்க வந்தவள், பேரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னா யக்கா, நொய்யா? கஞ்சிக்குப் போடுவோமே, அந்த நொய்யா?" நானும் சேர்ந்து சிரித்தேன். எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, காரணம் தெரியாமல் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. என் தவறுகளை வரிசையாக எழுதினால் அதுதான் முதல் வரியில் வரும்.

பெட்டியிலிருந்து அவள் முதலில் எடுத்தது துணிகளை அல்ல. கோடுபோட்ட கைத்தறித் துணியில் சுற்றி, வெள்ளை நூலால் இறுகக் கட்டிய ஒரு கட்டு. விரல் பருமனில், சாண் நீளத்தில் வெட்டிய கொடித்துண்டுகள். பட்டை முழுக்கக் குமிழ் குமிழாகப் புடைத்திருக்கும்; ஒவ்வொரு குமிழின் உச்சியிலும் ஒரு முள். அவள் பாதி ஆங்கிலத்திலும் பாதி கைச்சாடையிலும் சொன்னதை உன் அப்பா எனக்குச் சொன்னார். அவளுடைய அம்மா தானே காட்டுக்குள் போய் வெட்டி, நறுக்கி, காயவைத்தது. அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் பல நாள் கணப்புக்குப் பக்கத்திலேயே படுத்திருப்பாளாம். தாகத்துக்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது. இந்தக் கொடியைக் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் சூடாகக் குடிப்பாளாம். விமான நிலையத்தில் இரண்டு இடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்களாம். பெட்டியில் ஈரம் பட்டுவிட்டதென்று மறுநாளே மொட்டை மாடியில் பழைய புடவையை விரித்து அதைக் காயப்போட்டாள். காலையில் வெயில் வந்ததும் போடுவாள், சாயங்காலம் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துவருவாள்.

நான் அம்பத்தூரில் பெண்கள் பள்ளியில் தாவரவியல் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். ஏரிக்கரையில் அலைந்து தூதுவளை, ஆதண்டை, இண்டு என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே பாடப்புத்தகங்களை அடுக்கி நசுக்கி, நோட்டில் ஒட்டிப் பெயர் எழுதுவேன். எந்த முள் பட்டையிலிருந்து வருகிறது, எது கிளை மாறி முள்ளானது என்று எதிரில் வருபவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லுவேன். தெரியாத செடியைக் கண்டால் அதன் பெயர் தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளின் வீட்டு மாடியில் வேறொரு நாட்டுக் காட்டின் கொடி மூன்று வாரம் காய்ந்தது. அதன் பெயரை நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் நான் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் சமையலை நொய் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். காரம் தாங்கவில்லை என்று இப்போது புரிகிறது. உன் அப்பா எங்கெங்கோ விசாரித்து, அவர்கள் ஊர்ச் சோறுபோல ஒட்டிக்கொள்ளும் கவுனி அரிசி வாங்கிவந்து, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார். அவள் அதைக் கையால் உருட்டி உருட்டித் தேங்காய்த் துவையலில் தொட்டு வயிறாரச் சாப்பிட்டாள். "பார்த்தியா, கொழந்த இன்னிக்குத்தான் சாப்புடுது," என்றார். ரிட்டயர் ஆகும்வரை ஒரு நாள் எனக்குக் காபி போட்டுத் தராத மனுஷன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இட்லிப் பானையைப் பாழாக்கிவிட்டார் என்று ஆரம்பித்தேன், எங்கேயோ போய் முடிந்தது. மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரமே நீயும் போனில், அவளை ஏன் மாடி ஏற விடுகிறாய் என்று என்மேல் எரிந்து விழுந்தாய். சரோஜா துணி காயவைக்கத் தன் வீட்டு மாடிக்கு வந்தபோது இந்தச் சண்டைகளையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். அவள் கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா யக்கா இது, முள்ளக் காயவெச்சிக்கீறீங்க?"

"மருந்தாம்."

"இன்னா மருந்தோ! எங்க நாத்தனா ஊட்டு அலமாரில முள்ளம்பன்னி முள்ளு ஒண்ணு கெடந்துச்சி. ஒண்ணே ஒண்ணு. அண்ணன் தம்பிக்குள்ள இன்னிக்கு வரிக்கும் பேச்சுவார்த்த கெடையாது. உங்க ஊட்ல கட்டு கட்டா கீது, சண்ட வராம இன்னா வரும்? புள்ள பொறக்கப்போற ஊடு வேற."

சரோஜாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் சொன்னதை நான் நம்பினேனா என்றால், பாதிகூட நம்பவில்லை. ஆனால் எங்கள் சண்டைக்கு என் பொறாமை காரணம் என்பதைவிட ஒரு முள் காரணம் என்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்தத் திங்கட்கிழமை உன் அப்பா நொய்யை ஸ்கேனுக்கு அழைத்துப்போனார். தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டது. மாடிக்குப் போய்க் கொடியைப் புடவையோடு சுருட்டி, அதை ஒரு பழைய பிளாஸ்டிக் பைக்குள் திணித்துக் கீழே கொண்டுவந்தேன். வண்டிக்கார அம்மா பையை வாங்கி அழுத்தியதும் வீல் என்று கத்திவிட்டாள்.

"யம்மா! இன்னாத்தப் போட்ட உள்ள? கையக் கிழிச்சிட்ச்சி பாரு! முள்ளு கீதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

உள்ளங்கையில் நீளமாக ஒரு கோடு, ரத்தம் முத்துமுத்தாக எழும்பியது. தண்ணீரும் மஞ்சளும் கொண்டுவந்து தந்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே துடைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினாள். அந்த நிமிஷத்தில்கூடத் திருப்பி வாங்கியிருக்கலாம். பை மேலாகத்தான் கிடந்தது, கண்ணுக்குத் தெரிந்தது.

ஸ்கேன் முடிந்து திரும்பி வந்த நொய் நேரே மாடிக்குப் போனாள். இறங்கி வந்து என் எதிரில் நின்று, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "அம்மா... எங்கே?" என்றாள். அவளுக்குத் தெரிந்த இருபது தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று. நான் உதட்டைப் பிதுக்கினேன். "தெரியலையேம்மா. காத்துல பறந்திருக்கும்," என்று கையை வீசிக் காட்டினேன். அன்றைக்கு மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. இரண்டு கிலோ கட்டை எந்தக் காற்றில் பறக்கும்? அவள் அதை நம்பித் தேடினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி, அக்கம்பக்கத்து மாடிகளையெல்லாம் எட்டிப் பார்த்தாள். எதிரே இருக்கும் காலி மனையில் இறங்கிப் புதரை விலக்கிப் பார்த்தாள். உன் அப்பா அவளுக்கு முன்னால் ஒரு கழியோடு போய்ப் பாம்பு இருக்கிறதா என்று தட்டிக்கொண்டே நடந்தார். ஒருமுறை கருவேல முள்கிளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "இதுவாம்மா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். இதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

நீ ஏழாவது படித்தபோது கொரட்டூர் ஏரியில் பொறுக்கிய நத்தை ஓடுகளை ஒரு பால்பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாய். நாற்றம் தாங்காமல் நான் அதைச் சாக்கடைப் பக்கம் கொட்டிவிட்டேன். நீ கேட்டபோது அதே உதட்டுப் பிதுக்கல், அதே "தெரியலையே". எலி இழுத்துப்போயிருக்கும் என்றேன். டப்பா உட்பட இழுத்துப்போகும் எலி! நீ இரண்டு நாள் கட்டிலுக்கடியில் தேடிவிட்டு விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு உனக்குப் பிடித்த எதையும் நீ என்னிடம் காட்டியதில்லை. வளர்கிறாய், கூச்சப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். வேலை கிடைத்தது, தூரதேசம் போகிறேன் என்பதையும், ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதையும் எல்லாம் முடிந்த பிறகே நான் கேள்விப்பட்டேன். அதற்காக உன்மேல் கோபப்பட்டேன். காரணம் அந்த டப்பாவில் இருந்திருக்கலாம் என்று நினைக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

தேடிய இரண்டாம் நாள் சாப்பிடும்போது உன் அப்பா திடீரென்று சொன்னார்: "நாளைக்குக் குப்பை வண்டி அம்மா வரட்டும், அதுகிட்டக் கேட்டுப் பாக்கறேன். தெருவுல எங்கனா கெடந்து வாரிப் போட்டிருந்தா அதுக்குத் தெரியும்." என் கையிலிருந்த கரண்டி தட்டில் இடித்தது. அவர் கவனிக்கவில்லை. நொய் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவர் சொன்ன தமிழ் முழுதும் அவளுக்குப் புரிந்திருக்காது. 'குப்பை வண்டி' புரிந்திருக்கும். தினமும் காலையில் அந்த வார்த்தையைக் கேட்கிறாள். பிறகு தட்டின் பக்கம் குனிந்துகொண்டாள். சாயங்காலம் உன் அப்பா துள்ளிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "கெடச்சிட்ச்சாம்! பொட்டிக்குள்ளயே இருந்துச்சாம், நேத்தே எடுத்து வெச்சதாம், மறந்துட்டாளாம். பாவம், கர்ப்பக்காரி, எதுவும் ஞாபகம் இருக்கிறதில்ல." அவர் ஊரெல்லாம் கேட்டுவிடாதபடி அவள் அவரைத் தடுத்துவிட்டாள். எனக்காகத்தான். அந்த வீட்டில் அது எங்கே போனது என்று தெரிந்தவர்கள் அதன்பிறகு இரண்டு பேர்.

அன்றே அவள் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டியவள், அதற்குப் பதிலாக மறுநாள் கரையான்சாவடிக்குப் பஸ் ஏறினேன். பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்கும் நாட்டுமருந்துக் கடை அங்கேதானே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வரைந்ததுபோலப் பென்சிலால் குமிழும் முள்ளுமாக அந்தக் கொடியைத் தாளில் வரைந்து கொண்டுபோனேன். அதே போல ஒன்று வாங்கிவந்து சத்தமில்லாமல் வைத்துவிடலாம் என்று நினைப்பு. கடைக்காரர் தாளை நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். "படம் ஷோக்கா கீதும்மா. பேரு இன்னா?" என்றார். தெரியாது என்றேன். "முள்ளு வெச்ச சரக்கு எங்கிட்ட முப்பது நாப்பது கீது. பேரு தெரியாம எத்தக் குடுக்கிறது? வாயில போட்டுக்கிற வஸ்து ஆச்சே." அவர் சொன்னது நியாயம். சுக்கும் திப்பிலியும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பாப்பா பிறந்தாள், நீ வந்தாய், இரண்டு வாரம் இருந்தாய். கொடித்தண்ணீர் குடிக்கிறாயா என்று நீ கேட்டதற்கு அவள் பிளாஸ்க்கைக் காட்டினாள். நீ நம்பிவிட்டாய். நான் கிளறிய லேகியத்தை நெல்லிக்காய் அளவு உருட்டித் தினமும் அவள் வாயருகே நீட்டினேன். முகம் சுளிக்காமல் விழுங்கினாள். நீ கிளம்பிய நான்கைந்து நாளில், லேகியத் தட்டோடு அவள் அறை வாசலுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் அவளுடைய அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் திரையை நெருங்கி வந்து எதையோ கேட்டார். நொய் பக்கத்திலிருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். காலையில் நான் போட்டுக்கொடுத்த சீரகத் தண்ணீர். லேசான பழுப்பு நிறம். ஒரு வாய் குடித்து, சூடு என்பதுபோல ஊதிக் காட்டினாள். அங்கே அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. யாரையோ கூப்பிட்டுக் காட்டினார். பிறகு திரையைப் பார்த்துக் கைகூப்பினார். மகளுக்கு யார் கைகூப்புவார்கள்? வாசலில் நின்ற என்னைத் திரையின் ஓரத்தில் பார்த்துவிட்டார். மகளுக்கு வேளாவேளைக்குக் கொடியைக் கொதிக்கவைத்துக் கொடுக்கிற சம்பந்திக்கு அவர் செய்த வணக்கம் அது. தட்டைப் பிடித்திருந்த கையோடு நானும் தலையை ஆட்டினேன்.

போன் வைத்த பிறகு நொய் என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் அழுது ஒப்புக்கொண்டிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள், லேகியத்துக்காக. நான் ஊட்டினேன்.

அந்தத் தண்ணீர் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம், அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதை எடுத்துச் சொல்லி அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். என் லேகியத்துக்கு மட்டும் நான் யாரைக் கேட்டேன்? மொழி தெரியாத ஊரில், தாய் பக்கத்தில் இல்லாத ஒரு பெண்ணுக்கு, தாயின் கை பட்டதென்று இருந்தது அது ஒன்றுதான். மூன்றாம் மாதம் அவளும் பாப்பாவும் கிளம்பிப் போனார்கள். மூன்று வருஷமாகத் திரும்பி வரவில்லை. வேலை, விசா, பாப்பாவுக்குச் சளி என்று ஒவ்வொரு முறையும் நீ ஒரு காரணம் சொல்கிறாய். எல்லாவற்றையும் உடனே ஏற்றுக்கொள்கிறேன். கேள்வி கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் நீ என் பிள்ளை, என் குணம் கொஞ்சம் உன்னிடமும் இருக்கும். உன் மனைவி பேசாமல் இருந்தால், அவளுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் வீட்டில் உனக்குப் புரியாத பொருள் ஒன்று இருந்தால், அது யார் கொடுத்தது, எதற்கு என்று உட்கார்ந்து கேள். பாப்பா எதையாவது டப்பாவில் சேர்த்துவைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பார். உனக்குப் பொறுக்கவில்லை என்றால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல், அவளையே எடுத்துப்போய்க் கொட்டச் சொல். அழுவாள், அழட்டும். அந்த அழுகை முடிந்துவிடும்.

இந்தத் தாள்களைப் போனில் படமெடுத்து உனக்கு அனுப்ப உன் அப்பாவிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். படிக்கட்டும். கழியோடு புதர் புதராக அலைந்தவர் அவர். அவருக்கும் இது தெரிய வேண்டும்.

என் முட்டிக்காகச் சம்பந்தியம்மா காட்டுக்குப் போகக்கூடாது. வேறு ஏதாவது சொல்லி அதை மட்டும் உடனே நிறுத்து. நடந்ததை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நான் முடிவுசெய்ய முடியாது, நீயும் செய்யாதே. சொன்னால் நொய் டம்ளரைத் தூக்கிக் காட்டியதும் வெளியே வரும். என் பாரத்தை இறக்கிவைப்பதற்காக அவளைத் தன் தாயின் முன்னால் பொய்க்காரியாக நிறுத்த எனக்கு உரிமை இல்லை. அதை அவளே தீர்மானிக்கட்டும்.

இதை அவளுக்கு அவள் மொழியில் படித்துக் காட்டு. நீ எங்கள் நடுவில் உட்கார்ந்து பேசும்போதெல்லாம் இரண்டு பக்கத்துச் சொற்களையும் கொஞ்சம் தேய்த்து வழவழப்பாக்கித்தான் கொடுப்பாய். எனக்குத் தெரியும், நல்ல மனசோடுதான் செய்கிறாய். இந்த முறை செய்யாதே. குப்பை வண்டியில் போட்டேன் என்று நான் எழுதியிருப்பதைத் தொலைந்துவிட்டது என்று சொல்லாதே. பொறாமை என்பதற்கு அங்கே என்ன வார்த்தையோ அதையே சொல். டிக்கெட்டைப் பிறகு பார்க்கலாம். அவள் வரச் சொன்னால் அடுத்த விமானத்தில் வருகிறேன். வரவேண்டாம் என்று சொன்னால், அம்மாவுக்கு அலைச்சல் வேண்டாமாம் என்று மாற்றிச் சொல்லாமல், வரவேண்டாம் என்றே எனக்குச் சொல்.